மகளுக்கு எடுத்த பாயிண்ட் முப்பத்திரண்டு

அன்புள்ள பாப்பாவுக்கு,

சென்னையில் அந்தத் துப்பாக்கிக் கடையில் நான் கேட்ட கேள்வியை நீ இன்னும் உன் சிநேகிதிகளிடம் சொல்லிச் சிரித்துக்கொண்டிருக்கிறாய் என்று உங்கம்மா சொன்னாள். சொல்லிக்கொள். நானே சொல்லிவிட்டால் உனக்கு அந்த வேலையும் மிச்சம். கண்ணாடிப் பெட்டிக்குள் பச்சை வெல்வெட் துணி, அதன்மேல் வரிசையாக ரிவால்வர்கள். கடைக்காரர் நகைக்கடைக்காரரைப் போல அடக்கமான மனிதர். "என்ன சார் பாக்கறீங்க?" என்று கேட்டதும், இத்தனை வருஷமாகத் துணியோடு கிடந்த வாய் தானாகத் திறந்து, "இதுல லேடீஸ் சைஸ் இருக்குங்களா?" என்று கேட்டுவிட்டது. அதோடு நிறுத்தியிருக்கலாம். பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைக்க வருகிற தாய்மார்கள் என்னிடம் சொல்கிற வார்த்தை நாக்கிலேயே ஒட்டியிருந்ததால், "கொஞ்சம் பெருசா இருந்தாலும் பரவால்லீங்க" என்றும் சேர்த்தேன். உனக்கு முப்பது வயது. கறுப்புக் கோட்டு போட்ட வக்கீல். அந்த மனிதர் சிரிக்கவில்லை, அதுதான் பெரிய அவமானம். "இருக்கு சார், உக்காருங்க" என்றார்.

அடுத்த மாதம் உனக்குக் கல்யாணம். நம் ஊர்க் கதிர்காமத்துக்குத்தான் போகப் போகிறாய். இங்கிருந்து ஸ்கூட்டியில் கால் மணி நேரம்கூட ஆகாது என்று நான்தான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன், ஆனாலும் போகிறவள் போகிறவள்தான். உன்னோடு பாத்திரம் பண்டம் போகும், பீரோ போகும், அதன் லாக்கருக்குள் அந்தப் பொருளும் போகும். எந்தத் தகப்பனுக்கு இப்படி ஒரு சீர் வரிசை வாய்த்தது சொல். அதை எடுத்த கதையை நீயும் உன் அம்மாவும் ஆளுக்கு ஒரு மாதிரி சொல்கிறீர்கள். என் பங்குக்கு நானும் எழுதிவைக்கிறேன். நான் பத்தாவது வரைக்கும்தான் படித்தவன், பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள். ஊரார் கண்ணில் பட்டாலும் எனக்குக் கவலையில்லை, பேர் எதுவும் எழுதப் போவதில்லை.

எல்லாம் ஒரு சட்டையில்தான் ஆரம்பித்தது. பெரிய மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கிற நம் கடைக்கு ஒரு மத்தியானம் ஓர் ஆள் வந்தான். வெள்ளைச் சட்டை வேண்டும் என்றான், துணியும் கொண்டுவந்திருந்தான், நல்ல துணி. நான் டேப்பை எடுத்து அளவு பார்க்க ஆரம்பித்தேன். மார்பு பார்த்தேன், தோள் பார்த்தேன், கழுத்தைச் சுற்றி டேப்பைப் போட்டு இரண்டு முனையையும் பிடித்திருக்கும்போது அவன் ரொம்பச் சாந்தமாகச் சொன்னான்: "பிள்ளைச்சாவடி இடத்துக் கேஸை உங்க பொண்ணுதான் பாக்குதாமே மாஸ்டர். நல்லா வாதாடுதுன்னு சொன்னாங்க. ஸ்கூட்டில தனியாத்தான் போவுது வருது. ரோடு முன்ன மாதிரி இல்ல. பாத்துப் போவச் சொல்லுங்க." அவன் கழுத்து என் டேப்புக்குள் இருந்தது. சினிமாவாக இருந்தால் அந்த இடத்தில் என்னவோ நடந்திருக்கும். நான் என்ன செய்தேன் தெரியுமா? "காலருக்குக் கேன்வாஸ் வெக்கலாங்களா?" என்று கேட்டேன். "வெச்சுடுங்க" என்றான். போய்விட்டான். துணியை வாங்க அவன் திரும்பி வரவே இல்லை.

அந்தக் கேஸ் எனக்குப் புரிந்தவரை இவ்வளவுதான். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர், பிள்ளைச்சாவடியில் கடலோரமாகத் தென்னந்தோப்பும் வீடும் வாங்கிப்போட்டுவிட்டுக் கண்ணை மூடினார். அண்ணன் தங்கை என இரண்டு பிள்ளைகளும் பிரான்சில் இருக்கிறார்கள். ஆள் இல்லாத இடம் என்று பார்த்து எவனோ போலிப் பத்திரம் போட்டு வேலியும் அடித்துவிட்டான். நம் ஊரில் இது புதிதா என்ன? பூட்டிக் கிடக்கிற வீடெல்லாம் யாரோ ஒருத்தன் கண்ணில் பட்டுக்கொண்டேதான் இருக்கிறது. பல வக்கீல்கள் தொடாமல் விட்டதை நீ எடுத்துக்கொண்டாய்.

அன்று சாயங்காலம் கடையைச் சாத்திக்கொண்டு வந்து உன்னிடம் நடந்ததைச் சொன்னேன். நீ அழுவாய், இல்லை கோபப்படுவாய் என்று நினைத்தேன். நீ கேட்டது: "அளவு முழுசா எடுத்துட்டியாப்பா?" எடுத்துவிட்டேன் என்றேன். "அப்ப அந்தச் சீட்டைக் குடு. கம்ப்ளைண்ட்ல சேத்துக்கலாம்" என்றாய். ஒரு மனிதனின் கழுத்து பதினாறு, மார்பு நாற்பத்திரண்டு, இடது தோள் அரை அங்குலம் இறக்கம் என்று போலீஸ் புகாரில் எழுதிக்கொடுத்தது இந்த ஊரிலேயே நாமாகத்தான் இருப்போம். அதைப் படித்த சப்-இன்ஸ்பெக்டர் தலையை நிமிர்த்தி என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்த அளவை வைத்தே ஆளைப் பிடித்தார்கள் என்று எழுத எனக்கும் ஆசைதான். பிடிக்கவில்லை. ரோந்து போட்டார்கள், சில வாரம் நடந்தது, அப்புறம் நின்றுவிட்டது.

உங்கம்மா ஒரே ஒருமுறைதான் வாயைத் திறந்தாள். இந்த ஒரு கேஸை வேறு யாரிடமாவது கொடுத்துவிடக் கூடாதா என்று கேட்டாள். நீ சாப்பிட்டுக்கொண்டே சொன்னாய்: "யார்கிட்ட குடுத்தாலும் அவங்க வீட்டாண்ட ஒருத்தன் சட்டை தைக்கப் போவான்மா." மறுவாரம் நீ லைசென்ஸுக்கு எழுதிப்போட்டாய். வெளியே தெரியாமல் உடம்போடு வைத்துக்கொள்ளும்படி ஒரு சின்னத் துப்பாக்கி. அந்த வார்த்தையை நம் வீட்டுச் சாப்பாட்டுத் தட்டுக்கு மேலே கேட்டபோது, எனக்கு ரசம் எந்தப் பக்கம் போனது என்றே தெரியவில்லை.

அனுமதி வர மாதக்கணக்கில் ஆகும் என்றாய். அந்த இடைவெளியில் நான் என் படிப்பை ஆரம்பித்தேன். கடையில் மெஷின்மேல் போனைச் சாய்த்துவைத்துக்கொண்டு அமெரிக்காக்காரர்களின் வீடியோவைப் பார்ப்பேன். தாடி வைத்தவர்கள், கடல்பாசி இனிப்பு மாதிரி தளதளவென்று ஒரு பெரிய கட்டியைச் செய்து மேசைமேல் வைத்து, அதற்குள் சுட்டு, எத்தனை அங்குலம் போயிற்று என்று அளந்து காட்டுவார்கள். அளவு எடுக்கிறவர்கள் என்பதால் எனக்கு அவர்களைப் பிடித்துப்போயிற்று. காலிபர், காலிபர் என்று சொல்கிறார்களே, அது குழலின் வாய் அகலம்தான் என்று தெரிந்துகொண்டேன். பாயிண்ட் இருபத்திரண்டு என்றால் ஓர் அங்குலத்தை நூறாக வகுத்து அதில் இருபத்திரண்டு பங்கு. பாயிண்ட் நாற்பத்தைந்து என்றால் கிட்டத்தட்ட அரை அங்குலம். ஒன்பது மில்லிமீட்டர்தான் போதும் என்பவர்களும், நாற்பத்தைந்துக்குக் கீழே எதையும் தொட மாட்டேன் என்பவர்களும் அடித்துக்கொள்கிற சண்டை இருக்கிறதே, நம் ஊர்த் தேர்தலில்கூட அப்படி இல்லை. இங்கிலீஷ் பாதிதான் புரிந்தது. ஆனால் பயந்துபோன தகப்பனுக்குப் பெரிய நம்பர் எப்போதும் நன்றாகப் புரியும். ஒருநாள் சாப்பிடும்போது, "நாப்பத்தஞ்சுதான். வேற பேச்சே இல்ல" என்று தீர்ப்புச் சொன்னேன். உங்கம்மா குழம்பை ஊற்றிக்கொண்டே, "ஏன், அதான் உங்க இடுப்பு அளவா?" என்று கேட்டாள். நீ அப்பளத்தை உடைத்தாய்.

அந்த அறிவோடுதான் உன்னோடு சென்னைக்கு விசாரிக்க வந்தேன். லேடீஸ் சைஸ் கேட்ட கையோடு, மானத்தை மீட்டுக்கொள்ள, "நாப்பத்தஞ்சு காட்டுங்க, இல்லாட்டி ஒம்போது மில்லிமீட்டராவது காட்டுங்க" என்று கெத்தாகச் சொன்னேன். கடைக்காரர் பொறுமையாக விளக்கினார். நான் கேட்டதெல்லாம் போலீசுக்கும் பட்டாளத்துக்கும் உரியவை, நம் சட்டப்படி சாதாரண ஜனங்கள் கையில் வரக்கூடாதவை. நமக்கு இடுப்பில் வைக்கிற மாதிரி என்றால் பெரும்பாலும் முப்பத்திரண்டு, அல்லது இருபத்திரண்டு. இத்தனை நாள் ராப்பகலாகப் படித்த பாடத்தில் பரீட்சையே கிடையாது என்று ஆகிவிட்டது. உன்னைத் திரும்பிப் பார்த்தேன். உனக்கு முதலிலிருந்தே தெரியும். "ஆசையா பாத்துட்டு இருந்தியே, ஏன் கெடுக்கணும்னு உட்டுட்டேன்" என்றாய்.

அப்போது அவர், வெடிமருந்து இல்லாத மாதிரித் தோட்டாக்கள் இரண்டை என் உள்ளங்கையில் வைத்தார். ஒன்று முப்பத்திரண்டு, இன்னொன்று இருபத்திரண்டு. பாப்பா, அந்த நிமிஷத்தை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. சட்டைக் காலர் முனையில் குத்துகிற சின்னப் பட்டன் இருக்கிறதே, ஆயிரக்கணக்கில் என் விரலுக்குள் ஓடியது, முப்பத்திரண்டு காலிபர் என்பது அந்தப் பட்டனைவிடவும் சின்னது. இருபத்திரண்டு அதைவிடச் சின்னது. இரண்டுக்கும் நடுவில் ஒரு நூல் அளவுகூட வித்தியாசம் இல்லை. ஒரு நூல் என்றால், அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, எனக்குத் தெரியும், கழுத்தில் ஒரு நூல் தப்பினால் பிரித்துத் தைத்துக் கொடுத்துவிடுவேன், வாடிக்கையாளர் ஒரு டீ குடிக்கிற நேரத்தில் சமாதானம் ஆகிவிடுவார். இங்கே அதற்குள் ஓர் ஆளின் உயிர் நிற்கிறது. ஒருத்தனைப் பெற்று, பால் கொடுத்து, பள்ளிக்கூடம் அனுப்பி, அவனுக்குப் பதினாறு அங்குலக் கழுத்து வளர்கிறவரைக்கும் ஆன காலத்தை, பட்டனைவிடச் சின்ன ஒரு ஈயத்துண்டு ஒரு நொடியில் கேட்கிறது. தோட்டா என் கையிலிருந்து நழுவிக் கண்ணாடிமேல் விழுந்தது. கடைக்காரர் எடுத்துத் துடைத்துவைத்தார். நீ என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாய், அது ஞாபகம் இருக்கிறதா உனக்கு?

வீட்டுக்கு வந்ததும் எனக்குத் தெரிந்த வழியில் இறங்கினேன். வெளியே தெரியக் கூடாது என்றால் அது துணியின் பிரச்சினை, துணியின் பிரச்சினை என்றால் அது என் பிரச்சினை. பிள்ளைச்சாவடி மீனவர்களிடம் வலையில் கோக்கிற ஈயம் வாங்கிவந்து, கேன்வாஸில் மூன்று பை தைத்து நிரப்பினேன். பெரிய பை நான் ஆசைப்பட்ட நாற்பத்தைந்துக்கு, சட்டம் விடாது என்றாலும் மனசு விடவில்லை. நடுப்பை கடைக்காரர் சொன்ன முப்பத்திரண்டின் எடைக்கு, அரைக் கிலோவுக்கு மேலே. சின்னப் பை இருபத்திரண்டுக்கு, சும்மா கால் கிலோ. நீயும் எனக்காக ஒவ்வொன்றையும் இடுப்பில் கட்டி, மேலே குர்தா போட்டு, தெருவில் நடந்தாய். நான் எதிர்வாடையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்தேன். பெரிய பையோடு நீ வந்தபோது குர்தாவின் ஓரம் ஒரு பக்கம் தூக்கி, தோள் சாய்ந்து, கப்பல் கவிழப்போகிற மாதிரி இருந்தது. பூக்காரம்மா உன்னை நிறுத்தி, "இன்னா பாப்பா, இடுப்பு புடிச்சிக்கிச்சா? தைலம் தேச்சியா?" என்று கேட்டாள். நாற்பத்தைந்து அந்தத் தெருவிலேயே செத்தது.

அந்தச் சமயத்தில்தான் உன் வக்கீல் கவுனுக்குள் ரகசியமாக ஒரு பாக்கெட் வைத்தேன். உள்ளே இரட்டை லைனிங், வாய்க்கு வார், வெளியே ஒரு சுருக்கம் தெரியாது. என் ஆயுசில் தைத்த பாக்கெட்டுகளிலேயே அதுதான் அழகு. உன்னிடம் காட்டியபோது நீ ரொம்ப நேரம் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னாய்: "அப்பா, இதுல துப்பாக்கிய வெச்சிகினு கோர்ட்டுக்குள்ள போனா, ஜட்ஜ் அவனை உட்டுட்டு என்னைத்தான் உள்ள வெப்பாரு." கோர்ட்டு வாசலில் சோதனை இருக்கிறது, ஆயுதம் உள்ளே போகாது என்பது எனக்குத் தோன்றவே இல்லை. கவுனைக் கோர்ட்டைத் தவிர வேறு எங்கே போடுவார்கள் என்றும் தோன்றவில்லை. இப்போது அந்தப் பாக்கெட்டில் நீ கடலைமிட்டாய் வைத்துக்கொள்கிறாய். இரட்டை லைனிங் போட்ட கடலைமிட்டாய்.

பெரியது வேண்டும் என்று குதித்தவன் அதற்கப்புறம் அந்தப் பக்கமிருந்து இந்தப் பக்கம் சாய்ந்துவிட்டேன். சின்னப் பை உன் இடுப்பில் இருக்கிறதா இல்லையா என்று பெற்றவனுக்கே தெரியவில்லை. கனம் இல்லை, குர்தா தூக்கவில்லை. இருபத்திரண்டுதான் உனக்கு என்று இரண்டாவது தீர்ப்பைச் சொன்னேன். நீ, "சுட்டுப் பாத்துட்டு முடிவு பண்ணலாம்ப்பா" என்றாய். உனக்கு அந்தப் பொறுமை எங்கிருந்து வந்தது என்று நானும் உங்கம்மாவும் ஒருவரை ஒருவர் சந்தேகப்பட்டுக்கொண்டிருக்கிறோம்.

லைசென்ஸுக்குப் பயிற்சிச் சான்று வேண்டுமே, அதற்காக ரைபிள் கிளப்புக்குப் போனாய். கடைசி நாள் என்னையும் கூட்டிப்போனாய். சொல்லிக்கொடுத்தவர் பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்தவர், வளர்த்த மீசை, குறைத்த பேச்சு. முதலில் இருபத்திரண்டைக் கொடுத்தார். பலகை விரிசல் விடுகிற மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். நீ சுட்டதெல்லாம் காகிதத்தில் கூட்டமாக விழுந்தது. நான் காதடைப்பானை வைத்துக்கொண்டு, என் தீர்ப்பு ஜெயித்தது என்று பெருமைப்பட்டுக்கொண்டிருக்கும்போது, ஒருமுறை நீ விசையை இழுத்தாய், ஒன்றும் நடக்கவில்லை. டிக் என்றது. தாமதமாக வெடித்தாலும் வெடிக்கும் என்று, குழலைக் கீழே இறக்காமல், எதிரே நீட்டினபடியே கொஞ்ச நேரம் பிடித்திருக்கச் சொன்னார். அப்புறம் வாங்கித் தோட்டாவை வெளியே எடுத்துக் காட்டினார். இந்தச் சின்ன வகையில் இது எப்போதாவது நடக்கும், பழகுவதற்குப் பரவாயில்லை, உயிருக்கு என்று வைத்துக்கொள்ள நான் சொல்ல மாட்டேன் என்றார். அந்த டிக் சத்தம் எனக்குள் எங்கே போய் விழுந்தது என்று உனக்குத் தெரியாது. நான் கேட்டு வாங்கித்தரப் பார்த்தது அந்த டிக்கைத்தான்.

பிறகு முப்பத்திரண்டு. முதல் வெடியில் உன் கை தூக்கியது, குறி எங்கேயோ போயிற்று. அவர் உன் பிடியைச் சரிசெய்தார், இரண்டு கையையும் ஒன்றுக்கு மேல் ஒன்றாகப் பூட்டவைத்தார். நீ மூச்சை விட்டுப் பாதியில் நிறுத்தினாய். அப்போது உன் முகத்தைப் பக்கவாட்டில் பார்த்தேன். பால் பல் விழுந்ததிலிருந்து பார்க்கிற முகம், ஆனால் அதை நான் அதுவரை பார்த்ததே இல்லை. கோபம் இல்லை, பயம் இல்லை. கோயிலில் கற்பூரம் காட்டும்போது ஜனங்கள் சட்டென்று அடங்குவார்களே, அப்படி ஓர் அடக்கம். உன் மணிக்கட்டு எத்தனை அங்குலம் என்று ஒவ்வொரு வயசிலும் எனக்குத் தெரியும், எத்தனை கஃப் தைத்திருக்கிறேன். அந்த மணிக்கட்டு இத்தனையைத் தாங்கும் என்று எந்த டேப்பும் எனக்குச் சொன்னதில்லை. அடுத்தடுத்து நீ சுட்டவை ஒரு சாசருக்குள் அடங்கின. அவர் என்னையும் ஒன்று சுடச் சொன்னார். நான் இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டு சுட்டேன். ஓட்டை கடைசிவரை கிடைக்கவில்லை. "சார் நீங்க அந்த பெஞ்ச்சிலயே உக்காந்துக்குங்க" என்று மரியாதையாகச் சொன்னார்.

எல்லாம் முடிந்து, கேட்க ஏதாவது இருக்கிறதா என்றார். நான்தான் முந்திக்கொண்டேன். எந்தக் காலிபர் ஆளை நிச்சயமாகச் சாய்க்கும் என்று கேட்டேன். கைத்துப்பாக்கியில் எதுவும் நிச்சயம் கொடுக்காது, எங்கே படுகிறது என்பதுதான் முதல், எத்தனை அகலம் என்பதெல்லாம் அதற்கப்புறம், இரண்டாவது முறையும் அதே இடத்தில் வைக்க முடிகிறதுதான் உங்களுக்குரிய காலிபர் என்றார். தாடிக்காரர்கள் மாதக்கணக்கில் சொன்னதை மூன்று வாக்கியத்தில் முடித்துவிட்டார். அப்புறம் நீ கேட்டாய்.

"இது அவனைத் தாண்டிப் போனா, பின்னாடி நிக்கிறவங்களுக்கு என்ன ஆவும் சார்?"

அவர் தொப்பியைக் கழற்றிப் பெஞ்சில் வைத்தார். வழக்கமாக இதை நான்தான் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கும், யாரும் கேட்டதில்லை என்றார். தாண்டிப் போகும், சின்னதும் போகும், பெரியது இன்னும் போகும், தப்பின குண்டு எல்லாவற்றையும்விட அதிக தூரம் போகும், அதனால் எடுக்கிறதுக்கு முன் பின்னால் யார் என்று பார்க்க வேண்டும், ஆள் இருந்தால் சுடக்கூடாது, விலகி ஓட வேண்டும் என்றார். நீ எதிரே குண்டுகளை வாங்கிக்கொள்கிற மண்மேட்டைப் பார்த்தாய். "அப்ப முப்பத்திரண்டே போதும் சார். அதுக்கு மேல குடுத்தாலும் எனக்கு வேணாம்" என்றாய்.

நானும் இத்தனை மாதமாக எது உன்னைக் காப்பாற்றும், எது அவனைச் சாய்க்கும் என்று இரண்டே பேரை வைத்துத்தான் யோசித்திருக்கிறேன். உன் கணக்கில் மூன்றாவதாக ஒருத்தர் நின்றுகொண்டிருந்தார். உனக்குப் பேர் தெரியாதவர், சண்டே மார்க்கெட்டில் சட்டை பேரம் பேசுகிறவர், ஸ்கூட்டியில் பிள்ளையை முன்னால் நிறுத்திக்கொண்டு போகிறவர். உன்னைக் கொல்லவருகிறவன் எதிரே நிற்கும்போதும் அவன் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து அந்த ஆளைத் தேடப் போகிறாய். இந்தப் பெண்ணையா நான் பெற்றேன் என்று மலைத்துப்போய், வருகிற வழியெல்லாம் பஸ்ஸில் உன் பக்கம் திரும்பாமலே உட்கார்ந்திருந்தேன். கோபம் என்று நினைத்துக்கொண்டாய். கோபம் இல்லை பாப்பா. பக்கத்தில் கடலைப் பார்த்த மாதிரி இருந்தது. உன்னை அளவெடுக்கிற பழக்கம் எனக்கு அன்றோடு போயிற்று.

லைசென்ஸ் வந்து, அதே கடையில் அந்த முப்பத்திரண்டை எடுத்து, கல்யாணப் பேச்சும் முடிந்து பாக்கு வெற்றிலை மாற்றுவதற்கு முன், சம்பந்தி வீட்டில் இதைச் சொல்லிவிட வேண்டும் என்று நீ பிடிவாதமாக இருந்தாய். சொல்கிற வேலை என் தலையில் விழுந்தது. நான் மென்று முழுங்கி, "பொண்ணுகிட்ட ஒரு பொருள் இருக்குங்க, லைசென்ஸோட" என்று ஆரம்பித்தேன். சம்பந்தியம்மா வண்டி என்று நினைத்துக்கொண்டு, எங்கள் வாசலில் நிறுத்த இடமிருக்கிறது என்றார்கள். வண்டி இல்லை, துப்பாக்கி என்று விளக்கிச் சொன்னேன். மாப்பிள்ளை ஏற்கனவே தெரிந்தவராகத் தரையைப் பார்த்துச் சிரித்தார். கடைசியில் சம்பந்தியம்மாதான், "அப்ப இனிமே இவன் சாயங்காலம் நேரத்தோட வீடு வந்து சேந்துடுவான்" என்றார்கள். அவர்களை எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. அந்த வீட்டில் நீ நன்றாக இருப்பாய். லாக்கர் சாவி எங்கே என்று அவர்களுக்கும் தெரிந்திருக்கட்டும், குழந்தை குட்டி வந்தால் தெரியாமல் இருக்கட்டும், வேறு புத்திமதி எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

போன வாரம் பிள்ளைச்சாவடி இடத்தை அளக்கக் கோர்ட்டு ஆளை அனுப்பியதே, அன்றுதான் நீ முதல்முறையாக அதை இடுப்பில் வைத்துக்கொண்டு கிளம்பினாய். வேலி அடித்த எதிர்த்தரப்பு ஆட்களும் வருவார்கள் என்று எனக்குத் தெரியும். காலை வெயில், நீ ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாய். உங்கம்மா உள்ளே போய் நின்றுகொண்டாள். நான் முகத்தை எப்படி வைத்திருந்தேனோ, நீ என்னைப் பார்த்து, "பயப்படாதப்பா. அதை எடுக்கவே மாட்டேன். அந்த ரோட்டுல பின்னாடி எப்பவும் யாராவது இருந்துகினேதான் இருப்பாங்க" என்றாய். ஆறுதலுக்குத்தான் சொன்னாய். ஆனால் அதைக் கேட்டதும்தான் எனக்குக் கணக்கு புரிந்தது. எப்பவும் யாராவது இருப்பார்கள் என்றால் நீ எப்பவுமே சுட மாட்டாய். "குர்தா பின்னாடி லேசா தூக்குது, இழுத்து உட்டுக்க" என்றேன். இழுத்துவிட்டுக்கொண்டாய். வண்டி தெருமுனையில் திரும்புகிறவரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றேன். சாயங்காலம் நல்லபடியாகத் திரும்பி வந்தாய், வேலியைப் பிரிக்கச் சொல்லிவிட்டார்கள் என்று சொல்லிக்கொண்டே பசிக்கிறது என்றாய். ஆனால் கேஸ் இன்னும் முடியவில்லை, அந்த ரோட்டில் நீ இன்னும் எத்தனையோ தடவை போக வேண்டும்.

அன்று வாசலில் என் நாக்கு நுனிவரைக்கும் வந்து நின்ற வார்த்தையை உன்னிடம் சொல்லவில்லை. நீ இருக்கிற உயரத்துக்கு அது சின்ன வார்த்தை, தப்பான வார்த்தையும்கூட. அப்படி ஒரு நேரம் வந்தால் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்க்காதே பாப்பா. நிற்பது நானாகவே இருந்தாலும் சரி.